வகுப்புக்கு ஆள் சேர்த்தவர்

அவரை அந்தத் தெருவில் எல்லோரும் பஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பஸ் ஓட்டியதில்லை, டிக்கெட் கிழித்ததில்லை, ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. நகரப் போக்குவரத்து அலுவலகத்தின் மாடியறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெரு வழியாக எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று நேர அட்டவணை போடுவதுதான் அவர் வேலை. ஆனால் மழையில் நின்று நனைந்தவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? பஸ் வராத நாட்களில் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு மூச்சு திட்டிவிட்டுத்தான் போவார்கள். அவரும் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசி வார்த்தை வரை தலையாட்டிக் கேட்பார். பொறுமைசாலி என்று தெருவில் பெயர். விஷயம் அதுவல்ல. திட்ட வருகிறவர்களை விட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேறு ஆள் கிடையாது.

அலுவலகத்திலும் இதே கதைதான். அந்த மாடியறையில் ஒரு காலத்தில் நான்கு மேசைகளுக்கும் ஆள் இருந்தது. ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, மேலிடம் அந்த இடங்களை நிரப்ப மறந்துவிட்டது, அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டது. இப்போது மூன்று மேசைகளில் பழைய அட்டவணைகள் கட்டுக்கட்டாக உட்கார்ந்திருக்கின்றன. சுவரை அடைத்துக்கொண்டு நகரத்தின் வரைபடம், அதில் சிவப்பும் பச்சையுமாகத் தடங்கள். எந்தப் பாலத்தில் காலையில் வண்டி ஊர்ந்து போகும், எந்தப் பள்ளி வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் டிரைவர்கள் தேநீருக்கு நிறுத்துவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நகரத்தில் பாதிப் பேரைத் தினமும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பிவைக்கிற மனிதர், மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். விடுமுறை நாளில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். ஓட்ட நேரத்தைச் சரிபார்க்கிறேன் என்பார். நம்பாதீர்கள். பக்கத்து இருக்கையில் யாராவது தோள் உரச உட்கார்வார்கள் அல்லவா, அதற்காகத்தான்.

இந்த அறைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டால், பதினைந்து வயதில் ஒரு நாள் தலையைக் குனியத் தவறிவிட்டார் என்பதுதான் பதில்.

அந்த வயதில் பள்ளிக்கூடத்தில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சட்டையைப் போடுவது என்பதையே அம்மாவிடம் கேட்டுச் செய்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, சாகிற வரைக்கும் என்னவாக இருக்கப் போகிறாய், திங்கட்கிழமைக்குள் சொல் என்று கேட்கிற ஏற்பாடு அது. யார் கண்டுபிடித்தார்களோ, நன்றாக இருக்கட்டும். அவருக்கு மூன்று சிநேகிதர்கள். நால்வருக்கும் ஒரே பெஞ்சு. நால்வரும் அறிவியல் பிரிவு என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் புவியியல் வாத்தியார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். இந்த வருஷம் தன் பாடத்தை ஒருவரும் எடுக்கவில்லை என்றும், ஒரு ஆளாவது சேராவிட்டால் தன்னை எங்கோ தூரத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்றும், வீட்டில் உடம்புக்கு முடியாத மனைவி இருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டு, வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்தார். வகுப்பே ஒட்டுமொத்தமாகத் தலையைக் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடியது. இவர் மட்டும் வாத்தியாரின் கண்ணைப் பார்த்துத் தொலைத்தார். பார்த்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, அந்த வருஷம் புவியியல் பிரிவில் மொத்தம் ஒரு மாணவன். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான அறை. ஒரு பெஞ்சு, ஒரு நாற்காலி, துருவத்தில் விரிசல் விட்ட ஓர் உலக உருண்டை. வாத்தியார் முறை தவறாதவர். தினமும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அதில் இருக்கிற ஒரே பெயரை உரக்க வாசிப்பார். இவர் எழுந்து நின்று உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். தூங்க முடியாது, கொட்டாவி விட முடியாது, காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளவும் முடியாது. கேட்கிற கேள்வியெல்லாம் இவருக்கே. தலைக்கு மேலே அறிவியல் பிரிவு. சிநேகிதர்கள் மூவரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கூரை வழியாக இறங்கி வரும். எதற்குடா சிரித்தீர்கள் என்று இடைவேளையில் கேட்பார். அவர்கள் அதை விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் வருஷம் பாதியில் வாத்தியாருக்குப் பதவி உயர்வோடு சொந்த ஊருக்கே மாற்றல் வந்தது. வாயெல்லாம் பல்லாக வந்து, நீ கெட்டிக்காரப் பையன், சமாளித்துக்கொள்வாய் என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மீதி நாட்களை இவர் அந்த அறையில் புத்தகத்தோடு ஒண்டியாக உட்கார்ந்து ஓட்டினார். அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது. பள்ளியில் புவியியல் படித்தவனுக்குக் கல்லூரியிலும் புவியியல்தான் கிடைத்தது. கல்லூரியில் புவியியல் படித்தவன் வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் என்று போக்குவரத்து அலுவலகம் எடுத்துக்கொண்டது. சிநேகிதர்களில் ஒருவர் மருத்துவரானார், ஒருவர் பாலம் கட்டினார், ஒருவர் மருந்துக் கம்பெனியில் மேலே மேலே போனார். சண்டை ஒன்றும் கிடையாது. எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பிறகு அவர்கள் மூவரும் பேச, இவர் புன்னகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வேலையை அவர் வெறுத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தடத்துக்கு நேரம் கச்சிதமாக அமைந்துவிட்டால் அன்று முழுவதும் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

சொல்வதற்கு ஆள் இருந்த காலமும் உண்டு. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். சரியான வாயாடி. பல்வலியோடு வந்தவர்களைக்கூடப் பேசவைத்துவிடுவாள் என்று பெயரெடுத்தவள். மகளுக்கு ஏழு வயதானபோது தாய்க்கு நோய் வந்து, அந்த வருஷமே போய்விட்டாள். பஸ்காரர் எதிர்வீட்டு அம்மாவிடம் போய் நின்று மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும்தான்.

நல்லவேளையாக மகள் தாயைக் கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் அலுவலகத்திலிருந்து வந்து சமையலறைக்குள் நுழைந்ததும், அவள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து அன்றைய பள்ளிக்கூடத்தை ஒன்று விடாமல் நடித்துக் காட்டுவாள். யார் யாரிடம் முறைத்தார்கள், எந்த ஆசிரியைக்குத் தும்மல் நிற்கவில்லை, எல்லாம் கண் மூக்கு வைத்து வரும். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார். பகலெல்லாம் வாயைத் திறக்காத மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சாப்பாடு. அது இல்லாத நாளை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்கப் பயம்.

மகளுக்குப் பதினைந்து வயது வந்தது. எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய் என்று ஒரு சாயங்காலம் கேட்டார். வேளாண்மை என்றாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வீட்டில் பச்சையாக இருந்தது என்று சொன்னால் பால்கனியில் ஒரே ஒரு தொட்டிச் செடி. அதுவும் இவள் அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றி ஊற்றியே செத்துப்போயிருந்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பூச்சிமுட்டை தேடிக்கொண்டிருந்தாளாம். இவள் அவளோடு ஒட்டிக்கொண்டு நின்றதில் பள்ளிப் பேருந்து இவளை விட்டுவிட்டுக் கிளம்பிப் பாதி வழி போய்த் திரும்பி வந்ததாம். பஸ்காரர் மகளே பஸ்ஸை விட்டாள் என்று ஒரு வாரம் பள்ளியில் இதுதான் பேச்சு.

அவருடைய அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். ஊரில் நாலு பிள்ளைகள் எடுப்பதை எடுத்தால் என்ன குறைந்துவிடும், நீதான் ஊரோடு ஒட்டாத படிப்பைப் படித்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாய், அவளையுமா உட்காரவைக்கப் போகிறாய் என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் எப்போதும்போல் கேட்டுக்கொண்டார். மகள் விரும்புவதைப் படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சே இல்லை. அதனால் மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனார்.

அங்கேதான் குண்டு விழுந்தது. வேளாண்மைப் பிரிவுக்கு அனுமதி இருக்கிறது, பின்னால் காலி மைதானம்கூட இருக்கிறது, ஆனால் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஆசிரியர் போடுவார்கள் என்றார் தலைமையாசிரியை. இதுவரை சேர்ந்திருப்பது உங்கள் மகள் ஒருத்திதான். ஆள் சேராவிட்டால், அந்த ஆராய்ச்சிப் பண்ணையை ஒட்டி ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, அங்கே அனுப்பலாம், நல்ல பள்ளி என்று விலாசமும் கொடுத்தார். அது வேறு ஊர். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேரலாம். பஸ்காரர் போடுகிற எந்த வண்டியும் அந்தப் பக்கம் போவதில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவர் கணக்குப் போட்டார். இரண்டு வருஷம் விடுதி. அப்புறம் கல்லூரி. அப்புறம் எங்கேயாவது வேலை. ஒரு தடவை கிளம்பிய பிள்ளை இனிமேல் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வரும். இவ்வளவு சீக்கிரமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு அவள் வாயைத் திறப்பதற்குள், மீதி ஏழு பேரை நான் கொண்டுவருகிறேன் என்றார். மகள் அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள்.

பிறகு நடந்ததை அந்தத் தெருவே வாயில் விரல் வைத்துப் பார்த்தது. வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த மனிதர், மாலை ஆனதும் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, மகளின் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளை நோக்கிக் கிளம்பினார். எந்த வீட்டுக்கு எந்த வண்டி, எங்கே இறங்கி எங்கே ஏறினால் ஒரே சுற்றில் மூன்று வீட்டை முடிக்கலாம் என்று தனக்கே ஓர் அட்டவணை போட்டுக்கொண்டார். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினார். மூன்றாவது வீட்டில் பேச்சு வந்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை. மண்ணைப் படித்தவனுக்கு என்றைக்கும் வேலை உண்டு, பூச்சி இருக்கிற வரைக்கும் பூச்சி பிடிப்பவனுக்குப் பஞ்சமில்லை என்றெல்லாம் தானே நம்பாத சரக்கையும் கூசாமல் அவிழ்த்துவிட்டார்.

ரொட்டிக்கடைக்காரர் மகன் முதலில் மாட்டினான். அவனுக்குக் கணக்கு இல்லாத எந்தப் பிரிவும் சொர்க்கம். முடிதிருத்துபவரின் இரட்டைப் பிள்ளைகள் என்ன படிப்பது என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் கொள்கை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். டிரைவர் ஒருவர் மகனைச் சேர்க்கச் சம்மதித்துவிட்டு, போகிற போக்கில் தனக்குக் காலை டூட்டி கிடைத்தால் தேவலை என்று ஒரு வார்த்தை போட்டார். பஸ்காரர் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை, சிரித்து வைத்தார். வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள், ஒருத்தி சேர்ந்ததால் மற்றவளும் சேர்ந்தாள்.

அந்த நாட்களில் அவர் வீடு, வீடு மாதிரியே இல்லை. பிள்ளைகள் வந்துபோக ஆரம்பித்தார்கள். கூடத்தில் செருப்பு குவிந்தது. இரட்டையர்கள் சோபாவின் ஒரு காலை உடைத்தார்கள். மகளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், ஆனால் மற்றவர்கள் மைதானத்தில் எங்கே என்ன நடுவது என்று சண்டை போடும்போது அவள் மட்டும் அவ்வப்போது பேச்சில்லாமல் இருந்தாள். அதை அவர் கவனிக்காமல் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருஷமாகக் கூரைக்கு மேலேயே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு தன் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்ட மயக்கத்தில் இருந்தார் மனிதர். இன்னும் ஒரே ஒரு பிள்ளை வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை.

சனிக்கிழமை மாலை தையற்காரம்மாவின் கடைக்குப் போனார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு தையல் இயந்திரம், துணி வெட்டுகிற நீள மேசை, சுவரில் பாதி தைத்த சட்டைகள். அந்த அம்மாவின் மகள் இவர் மகளின் வகுப்பு. கடைசி வரிசைப் பெண். பேரைக் கேட்டால் மகளுக்கே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் போனபோது அந்தப் பெண் மேசை ஓரத்தில் நின்று, துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியால் பலகையிலேயே ஏதோ கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் உள்ளங்கையால் அழித்துவிட்டாள். இவர் தன் பாட்டைப் பாடி முடித்தார். தையற்காரம்மா பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே, படிக்கப் போறவ அவ, அவளையே கேளுங்க என்றாள்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"சரிங்க அங்கிள்" என்றாள்.

எட்டாகிவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனிதர், நிறுத்தத்தில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தார். ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்வதைவிட, பிடித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண் அம்மாவின் கையெழுத்து வாங்கிய விண்ணப்பத்தோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது விஷயம். பேசாமல் அதைச் செய்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"நீ முன்னாடி என்ன எடுக்கலாம்னு இருந்தம்மா?"

"கணக்குப் பிரிவு அங்கிள்."

"அப்புறம் ஏன் இதுக்குச் சரின்னு சொன்ன?"

அவள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீடு தேடி வந்து கேட்டீங்க. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

அவருக்கு யாரோ பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கணக்கு அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டாள். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறவள்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கணக்கு போடும்போது தனியா இருக்கிற மாதிரியே இருக்காது அங்கிள். ஆனா பரவாயில்லை. இதுல சேர்ந்தா உங்க பொண்ணு பக்கத்துல உக்காரலாம்ல. அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

அந்தக் காகிதத்தை அவர் எவ்வளவு ஆசையோடு பார்த்தார் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. இரண்டு வருஷம். இரண்டு வருஷச் சாயங்காலங்கள் அந்தப் பெண்ணின் மடியில் கிடந்தன. கெட்டிக்காரப் பெண், சமாளித்துக்கொள்வாள் என்று மனது வக்காலத்து வாங்கியது. அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. மகள் அவள் பக்கத்தில் உட்கார்வாள், உண்மைதான், ஆனால் எத்தனை நாளைக்கு? மகளுக்கு வேறு சிநேகிதிகள் உண்டு. மகள் எழுந்து போன பிறகு இவளிடம் கணக்கும் இருக்காது.

வேளாண்மை வேண்டாம், நீ கணக்கே எடு என்றார். அவள் பயந்துபோய், உங்களுக்குக் கோபமா என்று கேட்டாள்.

"கோவமே இல்லம்மா. ஆனா ஒண்ணு. இனிமே யார் வீடு தேடி வந்து கேட்டாலும் மாட்டேன்னு சொல்லப் பழகணும். நானே திரும்பி வந்து கேட்டாலும் சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லு பாப்போம்."

அவள் சொல்லிப் பார்த்தாள். தேநீர்க் கோப்பைக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றார். மூன்றாவது தடவை அவள் "மாட்டேன் அங்கிள்" என்று சொன்னபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை முழுவதும் அவர் அலுவலகத்தில் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பிள்ளையைத் தேடலாம்தான். அந்த டிரைவர்கூட, தெரிந்த இடத்தில் ஒரு பையன் இருக்கிறான், பேசவா என்று மேலே வந்து கேட்டார். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றார். இனி எந்த வாசலிலும் போய் நிற்கிற தைரியம் அவருக்கு இல்லை. காலை டூட்டி போயிற்றே என்கிற முகத்தோடு டிரைவர் படியிறங்கினார்.

சாயங்காலம் மகள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்ததும், எட்டுப் பேர் சேரவில்லை, வகுப்பு இல்லையாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அழுவாள், கோபப்படுவாள் என்று அதற்கான ஆறுதலையெல்லாம் பஸ்ஸிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. கண் சிமிட்டுகிற நேரம்தான். உடனே அதைத் துடைத்துவிட்டு வருத்தத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் அவர் பார்த்துவிட்டார். அந்த முகத்தைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு இத்தனை வருஷமாக வேறென்ன வேலை?

"அந்த விடுதிப் பள்ளிக்கூடத்துக்கே போகணும்னுதான் இருந்துச்சா?"

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"ஆமாம்பா. முதல்லேர்ந்தே."

"ஏன்மா சொல்லல?"

"நீங்க ஒவ்வொரு வீடா ஏறி இறங்கிக்கிட்டு இருந்தீங்க. எப்படிப்பா சொல்றது?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அடுப்பை அணைத்தார். அறியாப் பிள்ளைகள் ஏழு பேரை வளைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் வளைத்தது சொந்த மகளை. அந்தப் புவியியல் வாத்தியாரைப்போலத் தன் சங்கடத்தைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டு இவள் வாசலில்தான் முதலில் போய் நின்றிருக்கிறார். இவளுக்கும் தலையைக் குனியத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாளைக்கே அந்தப் பள்ளிக்கு எழுதிப்போடுவோம் என்றார். ஆறு பிள்ளைகளும் மறுநாளே ஆளுக்கொரு பிரிவாகக் கலைந்தார்கள். இரட்டையர்கள் ஒன்றாக வணிகவியலில் போய் விழுந்தார்கள். கூடத்தில் செருப்புகள் காணாமல் போயின.

மகளை அனுப்ப வெளியூர்ப் பேருந்து நிலையத்துக்குப் போனபோது, நானும் வந்து விட்டுவிட்டு வருகிறேன் என்று வாய் வரை வந்ததை மென்று விழுங்கினார். அதே பள்ளிக்குப் போகிற வேறு இரண்டு பெண்களும் ஓர் ஆசிரியையும் வண்டியில் இருந்தார்கள். மகள் ஏறியதும் அந்தப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால்தான் என்ன என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். சாயங்காலம் வெங்காயம் நறுக்கும்போது மேடையின் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, தினமும் மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்க்கிறபோதெல்லாம் அழுகை வந்தது, அழுதார். மழை நாளில் ஒருவர் திட்ட வந்தபோது, உள்ளே வந்து உட்கார்ந்து திட்டுங்களேன் என்று சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் மிரண்டுபோய், இல்லை, பரவாயில்லை என்று குடையை விரித்துவிட்டார்.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதான் தொலைபேசி. அந்த முதல் ஞாயிறு அவர் எங்கும் போகாமல் தொலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகள் எடுத்த எடுப்பில் பேச ஆரம்பித்தாள். மண்புழுவுக்கு ஐந்து இதயம் என்று நினைத்தாளாம், இல்லையாம், அது வேறு மாதிரியாம். இலைக்கடியில் முட்டை கண்டுபிடித்த முதல் ஆள் அவள்தானாம். பக்கத்துக் கட்டில் பெண் தூக்கத்தில் பாடுவாளாம். பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது. யாரோ அவளைப் பேர் சொல்லி, சீக்கிரம் வா என்று கூப்பிட்டார்கள். அவளும் இதோ என்று குரல் கொடுத்துவிட்டு, தொலைபேசிக்குத் திரும்பி மூச்சு வாங்கினாள்.

"அப்பா, கூப்பிடுறாங்க. வெச்சிடவா?"

அவர் பேச ஆரம்பிக்கவே இல்லை. சொல்வதற்கு ஒரு வாரம் முழுக்க இருந்தது. இன்னும் கொஞ்சம் இரும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள். கூப்பிடுகிறவர்களைப் போகச் சொல்லிவிட்டு, கால் மாற்றி நின்றுகொண்டு, அவருக்காக இருந்திருப்பாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வெச்சிடும்மா" என்றார்.